கொம்பனி கொடுத்த பெட்டியைக் கழற்றி எறியலாமா?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாடகை வீடு, ஆறு பேர். கணவர் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். பாதி வகுப்புகள் சூமில். மகனுக்கு விளையாட்டு. மாமா இன்னும் லேண்ட்லைனில்தான் யாழ்ப்பாணத்துக்குக் கதைக்கிறார். நான்கு வருடத்துக்கு முன் ஃபைபர் இணைப்பு வந்தபோது கொம்பனிக்காரர் பூட்டிய வெள்ளைப் பெட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ரீவிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. இணைப்பு வீட்டுச் சொந்தக்காரரின் பெயரில். பெக்கேஜ் 100 மெகாபிட். ஹோலில் போனை வைத்துச் சோதித்தால் 40 காட்டுகிறது. கடைசி அறையில், மகளின் மேசையில், 3. மாதக் கடைசியில் ஹோலிலேயே வீடியோ சுற்றிக்கொண்டு நிற்கிறது. ஒருநாள் கணவர் மடிக்கணினியைக் கேபிளால் நேரே பெட்டியில் கொழுவி ஒரு கோப்பை இறக்கினாராம். திரையில் 11 என்று வந்ததும், “100க்குக் காசு வாங்கிவிட்டு 11 தருகிறார்கள்” என்று கொதித்துவிட்டார்.

பம்பலப்பிட்டியில் ஒரு கணினிக் கடையில் ஆறு அன்ரெனா உள்ள ரவுட்டர் ஒன்றைக் காட்டி, 58,000 ரூபாய், இதைப் பூட்டிவிட்டுப் பழைய பெட்டியைக் கழற்றி எறியுங்கள், வேகம் மூன்று மடங்காகும் என்று சொல்லியிருக்கிறார்கள். டொரன்டோவில் இருக்கும் தம்பி, தான் பாவித்த ரவுட்டரை டிசம்பரில் கொண்டுவருவதாகச் சொல்கிறார். மாமியோ, பிள்ளைகள் படுக்கும் அறையில் அப்படி எந்தப் பெட்டியும் வேண்டாம் என்கிறார். எதை வாங்குவது, கொம்பனிப் பெட்டியைக் கழற்ற உரிமை உண்டா, கொம்பனியிடம் என்ன கேட்கலாம் என்பவை வாசகியின் கேள்விகள்.

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ‘ஸ்லோ’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நோய்களைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். கடைசி அறைக்கு அலை போய்ச் சேரவில்லை. பெட்டி பழசு. மாதக் கடைசியில் இணைப்பே நொண்டுகிறது. 58,000 ரூபாய் ரவுட்டர் இரண்டாவதைத் தீர்க்கும், முதலாவதை அரைகுறையாகத் தீர்க்கும், மூன்றாவதைத் தொடவே தொடாது.

முதலில் கணவரின் கோபத்தை ஆற்றிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலின் பாதி அதற்குள் இருக்கிறது. பெக்கேஜில் எழுதியிருப்பது மெகாபிட். கோப்பு இறக்கும்போது கணினி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அவர் பார்த்த 11ஐ எட்டால் பெருக்கினால் 88 வரும். 100 மெகாபிட் இணைப்பில் அவர் காணக்கூடிய உச்சமே 12.5தான். அதிலும் வழியில் கொஞ்சம் தேயும். ஆகவே அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது நல்ல வேகம். தெருவிலிருந்து உங்கள் ஹோல் வரைக்கும் வரும் ஃபைபர் சுகமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கோளாறு பெட்டியிலிருந்து மகளின் மேசைக்கு இடைப்பட்ட காற்றில்.

மாதக் கடைசிச் சங்கதி வேறு. நம் நாட்டு வீட்டு இணைப்புகள் பலவற்றில் மாதத்துக்கு இத்தனை ஜிகாபைட் என்று ஓர் அளவு உண்டு. அது முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இரண்டு பேர் நாள் முழுக்க வீடியோவில் இருக்கும் வீட்டில் 25ஆம் தேதிக்குள் அளவு தீர்ந்துபோவது அதிசயமில்லை. கொம்பனியின் போன் செயலியில் மீதி எவ்வளவு என்று தெரியும். இந்த மாதம் நொண்டத் தொடங்கும் நாளில் அதைத் திறந்து பாருங்கள். அதில் பூச்சியம் இருந்தால் ரவுட்டர் கடைக்குப் போகாதீர்கள், பெக்கேஜை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

பெட்டிக்குள் இரண்டு வேலை

கடைக்காரர் ‘கழற்றி எறியுங்கள்’ என்றது பெரிய பிழை. அந்த 58,000 ரூபாய் ரவுட்டரைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஃபைபர் கொழுவ அதில் ஓட்டையே இருக்காது. கேபிள் கொழுவும் சதுர ஓட்டைகள் மட்டுந்தான்.

கொம்பனிப் பெட்டி இரண்டு வேலை செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது ஒன்று. அதை வைஃபையாக வீட்டுக்குள் பரப்புவது மற்றது. இரண்டாவது வேலையை யாரிடமும் கொடுக்கலாம். முதலாவது கொம்பனிப் பெட்டிக்கு மட்டுமே உரியது. காரணம், உங்கள் வீட்டுக்கு வரும் இழை உங்களுக்கு மட்டுமானதில்லை. கொம்பனியின் தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் பிரிப்பான் ஒன்றில் 32 அல்லது 64 வீடுகளாகப் பிரிகிறது. மேலே போகும் தரவை ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கிய நொடித்துளியில் மட்டும் அனுப்ப வேண்டும். முறை தெரியாத ஒரு பெட்டி நடுவில் ஒளியை வீசினால் அந்த வரிசையில் உள்ள எல்லா வீடும் படுத்துவிடும். அதனால்தான் கொம்பனி தன் பதிவில் உள்ள தொடரிலக்கப் பெட்டியை மட்டுமே உள்ளே விடுகிறது. மாமாவின் லேண்ட்லைனும் அதே பெட்டியில்தான் உயிர் வாழ்கிறது. அந்த இலக்கத்துக்குரிய கணக்கு விவரங்களைக் கொம்பனி பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கும். பெட்டியைக் கழற்றிய அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்குப் போகும் அழைப்பும் நின்றுவிடும்.

பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும், ‘ரீசெட்’ என்று. மகனுக்கு அதைக் காட்டிக் கொடுக்காதீர்கள். அழுத்திப் பிடித்தால் கொம்பனி எழுதி வைத்தவை அழிந்துபோகலாம். பிறகு அவர்கள் திரும்ப எழுதும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ரீவி மேசையைத் தள்ளிக் கூட்டும்போது அந்த மெல்லிய வயரைக் கவனியுங்கள். நுனியில் பச்சை நிறத் தலை இருக்கும். உள்ளே கண்ணாடி முகத்தை எட்டுப் பாகை சரிவாக வெட்டியிருப்பார்கள், ஒளி திரும்பி வராமல் இருக்க. அதைக் கழற்றி விரலால் துடைத்தால் விரலின் எண்ணெயே போதும் இணைப்பைக் கெடுக்க. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக நுனிக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. மேசைக்காலுக்கும் சுவருக்கும் நடுவில் வயர் நசிந்தால் ஒளி வளைவில் கசிந்துபோகும். ‘லொஸ்’ (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டைப் பெட்டியில் எழுதிய 3000

கடைக்காரர் சொன்ன ‘மூன்று மடங்கு’ எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கிறேன். இந்த விலைக்கு விற்கும் வைஃபை 6 ரவுட்டர்களின் அட்டையில் ‘ஏஎக்ஸ் 3000’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 574, 5 கிகாஹேர்ட்ஸில் 2402 என்ற இரண்டு ஏட்டுக் கணக்கைக் கூட்டி உருட்டிய எண். சாதாரணமாக ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பாவிக்கும். எல்லாம் போக, உங்கள் வாசலுக்கு வருவதே 100தான். அண்டா பெரிதென்று குழாயில் தண்ணீர் கூடி வராது.

ஆனாலும் கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. ஹோலில் உங்களுக்கு 40தான் வருவதற்குக் காரணம் பெட்டியின் வயது. உங்கள் வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர் ஒன்று மட்டுமே தெரிகிறது, ‘5ஜி’ (5 கிகாஹேர்ட்ஸ்) என்று முடியும் இன்னொன்று இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் அது 2.4 மட்டும் பேசும் பழைய ரகமாக இருக்க வேண்டும். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று மிதிக்காத பாதைகள் மூன்றே: 1, 6, 11. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் போனைத் திறந்து எண்ணிப் பாருங்கள், இருபது வீட்டு வைஃபையாவது தெரியும். இருபது பேரும் மூன்று பாதையில். காலிவீதியின் மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹேர்ட்ஸில் பாதைகள் அதிகம், வேகமும் அதிகம், ஆனால் அதற்குக் கொங்கிரீட் சுவர் என்றால் ஆகாது. ஆறு அன்ரெனாவை ஹோலில் நட்டாலும் இரண்டு சுவர் தாண்டிய அறையில் அது மூச்சு வாங்கும்.

கொம்பனியிடம் கேட்கக்கூடியவை

கடைக்குப் போகுமுன் கொம்பனிக்கு எடுங்கள். இரண்டு அலைவரிசையும் உள்ள பெட்டி மாற்றித் தருவீர்களா, அதற்குக் கட்டணம் உண்டா, புதிதாக ஒப்பந்தக் காலம் தொடங்குமா? இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடையில் வீடு மாறும்போதுதான் அது கடிக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. இணைப்பு சொந்தக்காரரின் பெயரில் இருப்பதால் கொம்பனியின் கணக்கில் வாடிக்கையாளர் அவர்தான், மாதாமாதம் பில் கட்டுவது நீங்களாக இருந்தாலும். பெட்டி மாற்றம், பெக்கேஜ் மாற்றம் எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்பார்கள். அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அவரே அழைக்கட்டும். பெட்டி யாருடைய சொத்து என்பதும் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில்தான் இருக்கும். பெரும்பாலும் அது கொம்பனியுடையது, இணைப்பை வெட்டும்போது திருப்பிக் கேட்பார்கள். எறிந்துவிட்டால் அந்தக் கணக்கு சொந்தக்காரருக்குப் போய், அங்கிருந்து உங்கள் முற்பணத்தில் கை வைக்கும்.

கொம்பனிப் பெட்டியின் வைஃபையையும் ரவுட்டர் வேலையையும் நிறுத்தி, வெறும் ஃபைபர் வாயிலாக மட்டும் வைக்கச் சொல்லியும் கேட்கலாம். ‘பிரிட்ஜ் மோட்’ என்பார்கள். தொழில்நுட்பத்தில் சுத்தமான வழி அதுதான், ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிறகு இணைப்பு விழுந்தால் ‘உங்கள் ரவுட்டரைப் பாருங்கள்’ என்று கொம்பனி கையைக் கழுவும், உங்கள் கணவர் அலுவலகக் கூட்டத்தின் நடுவில் நிற்பார்.

முறைப்பாட்டுக்குப் பதில் கிடைக்காவிட்டால் எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அதோடு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடையில் எதை வாங்கினாலும் பில்லும் எழுத்தில் உத்தரவாதமும் கேளுங்கள். பில் இல்லாமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போனாலும் கையில் ஆதாரம் இருக்காது.

என் யோசனை: ஒரு கேபிள்

கொம்பனிப் பெட்டி வாசலில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கேபிள் மகளின் அறைப் பக்கம் போகட்டும். அங்கே ‘அக்சஸ் பொயின்ட்’ என்ற சிறு வைஃபை பெட்டி ஒன்று. அவ்வளவுதான். இரண்டு அலைவரிசையும் உள்ள சாதாரண ரகமே போதும்.

சுவரில் கொழுவும் மலிவான ‘எக்ஸ்டென்டர்’ வேண்டாம் என்பது என் கட்சி. வந்த அலையைக் கேட்டு அதே அலையில் திருப்பிச் சொல்வதால் பாதி வேகம் அங்கேயே போய்விடும். 3 வரும் அறையில் வைத்தால் அந்த 3ஐத்தான் திருப்பிச் சொல்லும். ‘மெஷ்’ என்று இரண்டு மூன்று பெட்டியாக விற்பது நல்ல சாமான்தான், ஆனால் அவற்றையும் கேபிளால் இணைத்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

கேபிள் என்றதும் சுவரை உடைப்பதை நினைக்காதீர்கள். பழைய தொடர்மாடிகள் பலவற்றில் ரீவி அன்ரெனா வயர் போன குழாய் ஒன்று ஹோலிலிருந்து அறைகளுக்குப் போயிருக்கும். அந்தப் பழைய வயரின் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுத்துவிடலாம். மின்சார வயர் போகும் குழாய்க்குள் மட்டும் விடக்கூடாது. குழாய் அடைபட்டிருந்தால் சுவரோரமாக ஒட்டும் பிளாஸ்டிக் பட்டி இருக்கிறது. துளை போட வேண்டி வந்தால் சொந்தக்காரரிடம் ஒரு சொல்லு. வீட்டுக்கு வெளியே, பொது நடைபாதை வழியாக இழுப்பதென்றால் தொடர்மாடியின் முகாமைத்துவத்திடமும் கேட்க வேண்டும்.

கேபிள் வாங்கும்போது ‘கேட் 5ஈ’ அல்லது ‘கேட் 6’ ரகம், முழுச் செம்புக் கம்பி என்று கேளுங்கள். இதில் ஏமாறுபவர்கள் அதிகம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போனேன். 300 மெகாபிட் பெக்கேஜ், உங்கள் கடைக்காரர் காட்டியதைவிட விலை கூடிய ரவுட்டர், ஆனால் எந்த நேரம் சோதித்தாலும் 94க்கு மேல் ஏறாது. மூன்று ரவுட்டர் மாற்றிவிட்டார்கள். நான் கேபிள் நுனியை வெட்டிப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பி இருக்க வேண்டும். தலையில் நான்குதான் இருந்தது. மற்ற நான்கையும் வயரிங் பாஸ் வாசல் அழைப்பு மணிக்குக் கொடுத்திருந்தார். நான்கு கம்பியில் இணைப்பு 100க்கு இறங்கிவிடும், கையில் வருவது 94. அந்த மனிதர் திறமையான பாஸ்தான், மணியும் நன்றாகவே அடித்தது. உங்களுடையது இன்றைக்கு 100 மெகாபிட் என்பதால் அந்தப் பிழை இருந்தாலும் தெரியாது. பெக்கேஜை உயர்த்தும் நாளில் தெரியும். ஆகவே எட்டுக் கம்பியும் போட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

அக்சஸ் பொயின்டை எங்கே வைப்பது என்பதில் மாமியின் பயத்துக்கும் இடம் கொடுக்கலாம். ரவுட்டரின் அலை 0.1 வாட் அளவிலானது, தூரம் போகப் போக வேகமாகக் குறைவது. எக்ஸ்ரே போல உடம்பின் அணுக்களைக் குலைக்கும் வகை இல்லை. காதோடு ஒட்டிப் பிடிக்கும் கைத்தொலைபேசியிலிருந்து படுவதே அதிகம். இதையெல்லாம் சொல்லி வாதாட வேண்டாம். அறை வாசலுக்கு மேலே, நடையின் உயரத்தில் பூட்டினால் மகளுக்கும் மற்ற அறைக்கும் சேர்த்து நல்லது, மாமிக்கும் ‘அறைக்குள் இல்லை’ என்ற ஆறுதல். கண்ணாடி பதித்த அலுமாரிக்கும் மீன் தொட்டிக்கும் பின்னால் மட்டும் வைக்காதீர்கள். முன்னது அலையைத் திருப்பி அடிக்கும், பின்னது குடித்துவிடும்.

மின்வெட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, கணவருக்காகச் சொல்கிறேன். தெருவில் இருக்கும் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும்வரை ஃபைபரில் ஒளி வந்துகொண்டுதான் இருக்கும். வீட்டில் கொம்பனிப் பெட்டிக்கும் அக்சஸ் பொயின்டுக்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் இருந்தால் போதும். வாங்குமுன் அடப்டரின் லேபிளில் வோல்ட் சரியாகப் பொருந்துகிறதா, அம்பியர் போதுமா என்று பாருங்கள். 2022இல் 13 மணி நேரம் வெட்டியபோது இது தாங்கியிருக்காது, 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் புகுந்த குரங்கு நாட்டையே இருட்டாக்கிய ஞாயிறன்று கொஞ்ச நேரமாவது தாங்கியிருக்கும்.

டொரன்டோ ரவுட்டர்

தம்பி வருமுன் அடப்டரின் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘100–240’ என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் ஓடும், பிளக் மாற்றி மட்டும் போதும். ‘120’ மட்டும் இருந்தால் கொழுவிய கணத்தில் கருகும். அதே வோல்ட் வெளியீடுள்ள அடப்டரை இங்கே வாங்கிக்கொள்ளலாம். இங்கே அதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்த மொடலுக்கு உற்பத்தியாளர் இன்னும் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் தருகிறாரா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தியிருந்தால் கொண்டுவர வேண்டாம்.

இரண்டும் சரியென்றால் அதையே அக்சஸ் பொயின்டாக வைத்துவிடலாம். செற்றிங்ஸில் ‘அக்சஸ் பொயின்ட் மோட்’ என்று இருக்கும்; அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் ‘டிஎச்சிபி’யை (DHCP) நிறுத்திவிட்டு, ‘வான்’ (WAN) என்ற தனி நிற ஓட்டையை விட்டு மற்றவற்றில் ஒன்றில் கேபிளைக் கொழுவுங்கள். இதைச் செய்யாமல் ரவுட்டராகவே ஓடவிட்டால் ஒரு வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர் ஆளுக்கொரு முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும், மகனின் விளையாட்டுத்தான் முதலில் முறையிடும். தம்பியின் பழைய கடவுச்சொற்களை அழித்துவிட்டு, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஹோலில் உள்ளதைப் போலவே வைத்தால் போன் நடக்கும் இடத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும். டிசம்பர் வரை பொறுக்க முடியுமென்றால் உங்கள் செலவு கேபிளும் பாஸின் கூலியும்தான்.